ஆபரேஷனுக்கு முன்பே மண்டைக்குள் ஓடும் வலி: அதை என்ன செய்வது?

தேதி குறித்தாகிவிட்டது. பகலெல்லாம் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கையெழுத்து என்று ஓடிவிடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்குத்தான் ஆரம்பிக்கும். மயக்கம் தெளிந்ததும் எப்படி வலிக்கும், தாங்க முடியாமல் போனால் என்ன ஆகும், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது? காலையில் இதை யாரிடமாவது சொன்னால் 'தைரியமா இரு, ஒண்ணும் ஆகாது' என்று தோளைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

எனக்கு இரண்டு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. முதலாவது வயிற்றில். தையல் பிரிந்துவிடும் என்ற பயத்தில் இரண்டு நாள் மூச்சைக்கூட முழுசாக இழுக்காமல் கட்டை மாதிரி கிடந்தேன். இருமல் வந்தால் அடக்கினேன், நர்ஸ் நடக்கச் சொன்னால் தூங்குவது போல் நடித்தேன். இரண்டாவது முழங்காலில். அதற்கு முன்னால் கொஞ்சம் படித்து, கொஞ்சம் கேட்டு, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போனேன். வலி இருந்தது. ஆனால் முதல் தடவை மாதிரி அது என்னை ஆட்டிவைக்கவில்லை. ஒரே ஆள், இரண்டு வேறு வேறு ஆபரேஷன், அதனால் இதை நிரூபணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தாளில் என்ன எழுதினேன், ஏன் எழுதினேன் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு சந்தேகம்: அப்படியானால் வலி வெறும் நினைப்பா?

இல்லை. கத்தி பட்ட இடம் வலிக்கத்தான் செய்யும், அது நூறு சதவீதம் நிஜம். ஆனால் காயத்திலிருந்து கிளம்பும் செய்தி அப்படியே மூளையில் போய் அச்சாவதில்லை. வழியில் முதுகுத்தண்டில் ஒரு கதவு போன்ற ஏற்பாடு இருக்கிறது, மூளையும் அந்தக் கதவில் கை வைக்கிறது என்று வலி ஆராய்ச்சியாளர்கள் ரொனால்டு மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-ல் எழுதினார்கள். அவர்கள் சொன்ன விவரங்களில் பல பிற்பாடு திருத்தப்பட்டன. ஆனாலும் மேலே இருந்து கீழே ஒரு கட்டுப்பாடு உண்டு என்ற விஷயம் நின்றுவிட்டது.

1978-ல் ஞானப்பல் எடுத்தவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வலி மருந்து என்று நம்பி, மருந்தே இல்லாத ஊசியைப் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு உண்மையிலேயே வலி குறைந்தது. அப்புறம் நாலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அது மார்ஃபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுப்பது. கொடுத்ததும் குறைந்த வலி திரும்பி வந்தது. நம்பிக்கை உடம்புக்குள்ளேயே மார்ஃபின் மாதிரி ஒன்றைச் சுரக்க வைத்திருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு எளிய விளக்கம் இல்லை.

இதன் மறுபக்கம்தான் நமக்கு முக்கியம். 2011-ல் உல்ரிகே பிங்கெல் குழுவினர் ஆரோக்கியமானவர்களின் காலில் சூடு வைத்து வலி உண்டாக்கி, ரெமிஃபென்டானில் என்ற கடுமையான வலி மருந்தை ரத்தக்குழாய் வழியாகத் தொடர்ந்து ஏற்றினார்கள். 'இப்போது மருந்து ஏறுகிறது' என்று சொன்னபோது அதே அளவு மருந்தின் பலன் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. 'மருந்தை நிறுத்திவிட்டோம், இனி வலி கூடலாம்' என்று சொன்னபோது, மருந்து நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தும் அதன் பலன் காணாமல் போய்விட்டது. பயம் ஒரு நல்ல மருந்தையே செல்லாக்காசாக்கிவிட முடியும்.

இன்னொரு வழியிலும் அது வேலை செய்கிறது, அதற்கு மூளை ஆராய்ச்சி எல்லாம் தேவையில்லை. பயந்தவர் அசையமாட்டார். அசையாவிட்டால் தசை இறுகும், இறுகினால் இன்னும் வலிக்கும். ஆழமாக மூச்சு இழுக்காவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்கும், நடக்காவிட்டால் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும், முழங்கால் மாதிரி மூட்டு என்றால் மடக்காமல் விட்ட ஒவ்வொரு நாளும் பின்னால் வட்டியோடு திரும்பி வரும். நான் முதல் தடவை செய்தது இதுதான்.

உங்கள் மனது எந்த ரகம்?

வலியைப் பூதாகாரமாக்கிப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை அளக்க மைக்கேல் சல்லிவனும் உடன் இரண்டு பேரும் 1995-ல் ஒரு கேள்வித்தாள் செய்தார்கள். 13 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. 30 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டியது என்று வழக்கமாக எடுத்துக்கொள்வார்கள். மதிப்பெண்ணை விட, அது பிரித்துக் காட்டும் மூன்று ரகங்கள்தான் எனக்குப் பயன்பட்டன.

ஒன்று அசைபோடுவது. மாடு மாதிரி அதே நினைப்பைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து மெல்லுவது. இரண்டாவது பெரிதாக்குவது, சாதாரண வலியைப் பார்த்து ஏதோ விபரீதம் நடக்கிறது என்று முடிவு கட்டுவது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அது. மூன்றாவது, என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று கை விரித்துவிடுவது. கேள்வித்தாளில் கிட்டத்தட்ட பாதிக் கேள்விகள் இந்த மூன்றாவதைப் பற்றித்தான் இருக்கின்றன.

எல்லோரிடமும் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். எது தூக்கல் என்று மட்டும் பாருங்கள், ஏனென்றால் மருந்து வேறு வேறு. அசைபோடுகிறவருக்குக் கைக்கு வேலை வேண்டும். பெரிதாக்குகிறவருக்குத் தகவல் வேண்டும். கை விரிப்பவருக்கு ஒத்திகை வேண்டும். நான் இரண்டாவது ரகம். என் தங்கை முதல் ரகம், அவளுக்குத் தகவல் கொடுத்தால் மெல்லுவதற்கு இன்னும் கொஞ்சம் தீனி கிடைத்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு விஷயம்: இது குணக்கேடு இல்லை, கோழைத்தனமும் இல்லை. ஏற்கெனவே பல வருஷமாக வலியோடு வாழ்ந்தவருக்கு, முன்னொரு ஆபரேஷனில் கஷ்டப்பட்டவருக்கு, மனச்சோர்வு உள்ளவருக்கு இந்த எண்ணங்கள் அதிகமாக வருவது ஆச்சரியமே இல்லை. இதற்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் 'கேடஸ்ட்ரஃபைசிங்' என்ற ஆங்கிலப் பெயரையே, 'எங்களைப் பழி சொல்வது மாதிரி இருக்கிறது' என்று பல நோயாளிகள் வெறுக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

தாளை எடுங்கள்

ஆபரேஷனுக்கு ஒரு வாரமாவது இருக்கும்போது இதைச் செய்யுங்கள். முந்தின நாள் ராத்திரி வேண்டாம், அப்போது வேறு பரபரப்பு.

தாளின் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் உங்கள் மண்டைக்குள் ஓடுவதை அப்படியே, அதே பேச்சில் எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம். 'செத்துடுவேன்னு தோணுது' என்றால் அப்படியே. எழுதுவதால் அது நடந்துவிடாது. நினைக்கக் கூடாது என்று அமுக்கினால்தான் அது துள்ளும். 1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார். நினைக்காமல் இருக்க அவர்களால் முடியவில்லை, தடையை நீக்கியதும் முன்னை விட அதிகமாக நினைத்தார்கள். 'அதையே யோசிக்காதே' என்று உங்களுக்குச் சொல்கிறவர்கள் எல்லாம் உங்கள் கையில் ஒரு கரடியைக் கொடுக்கிறார்கள்.

வலது பக்கம்தான் விஷயமே. அங்கே ஆறுதல் எழுதக் கூடாது. 'எல்லாம் நல்லபடியாக நடக்கும்' என்று எழுதினால் ராத்திரி இரண்டு மணிக்கு அதை நீங்களே நம்பமாட்டீர்கள். அங்கே எழுத வேண்டியது ஒரு கேள்வி, அல்லது ஒரு செயல். கேள்வி என்றால் யாரிடம் கேட்பது என்பதும், செயல் என்றால் எப்போது செய்வது என்பதும் கூடவே இருக்க வேண்டும்.

என் தாளில் இருந்ததைச் சொல்கிறேன். இடது பக்கம்: 'வலி தாங்கவே முடியாது.' இது ஒரு மூட்டை, இதை அப்படியே தூக்க முடியாது, பிரிக்க வேண்டும். எந்த நாள் வலி அதிகமாக இருக்கும்? என்ன மருந்து, எத்தனை மணிக்கு ஒருமுறை? அது போதவில்லை என்றால் அடுத்தது என்ன வைத்திருக்கிறீர்கள்? இந்த மூன்றையும் வலது பக்கம் எழுதி, 'மயக்க மருத்துவர், புதன்கிழமை' என்று போட்டேன். அவர் மூன்றுக்கும் சேர்த்து நான்கு நிமிஷத்தில் பதில் சொன்னார். ஒரு மாதமாக என்னைத் தின்றுகொண்டிருந்த கேள்விகள் அவை.

இன்னொன்று: 'நடக்கும்போது உள்ளே ஏதாவது கிழிந்துவிடும்.' வலது பக்கம்: சர்ஜனிடம் கேட்க, எந்த அசைவு உண்மையிலேயே கூடாது, எது வலித்தாலும் பரவாயில்லை? இதைக் கேட்டதுதான் நான் செய்ததிலேயே உருப்படியான காரியம். கூடாதவை இரண்டோ மூன்றோதான் இருந்தன. மீதி எல்லாம் 'வலிக்கும், செய்யலாம்' என்ற பட்டியலில் போய்விட்டது.

மூன்றாவது: 'வலி மாத்திரைக்கு அடிமையாகிவிடுவேன்.' இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, கொடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பவர்கள் நிறைய. கேளுங்கள். எல்லா வலி மாத்திரையும் அந்த வகை இல்லை. அந்த வகை கொடுத்தால் எத்தனை நாளுக்கு, எப்படிக் குறைப்பது, மிஞ்சியதை என்ன செய்வது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தூக்க மாத்திரையோ, வலி மாத்திரையோ, குடியோ பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மயக்க மருந்தின் அளவையும் வலி மருந்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கலாம்.

நான்காவதாக ஒரு ரக நினைப்பு உண்டு, அதற்கு வலது பக்கம் எதுவுமே வராது. 'மயக்கத்திலிருந்து எழுந்திருக்கவே மாட்டேனோ' மாதிரி. கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, செய்ய எதுவும் இல்லை, அப்புறமும் வருகிறது. அதற்கு எதிரே ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு போட்டால் போய்விடுமா என்றால் போகாது, ஆனால் ராத்திரி வரும்போது 'ஆமாம், நீ கோடு போட்ட ரகம்' என்று அடையாளம் தெரியும். கொஞ்சம் குறும்பாகத்தான் இருக்கும், ஆனால் எனக்கு உதவியது.

எங்கே, எப்படி, ஏன் வலிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது

1964-ல் லாரன்ஸ் எக்பர்ட்டும் மற்றவர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வை மயக்க மருத்துவர்கள் இன்றும் சொல்வார்கள். வயிற்று ஆபரேஷன் செய்துகொள்ளப்போன 97 பேர். அவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் முந்தின நாள் மாலை மயக்க மருத்துவர் உட்கார்ந்து பேசினார்: இந்த இடத்தில் வலிக்கும், இத்தனை கடுமையாக இருக்கும், வெட்டுப்பட்ட இடத்துக்கு அடியில் தசை இறுகுவதால்தான் பெரும்பாலும் வலிக்கிறது, இப்படித் தளர்த்துங்கள், இப்படிக் கையை ஊன்றித் திரும்புங்கள், போதவில்லை என்றால் மருந்து கேளுங்கள். பிறகும் வந்து பார்த்தார். யாரிடம் இப்படிப் பேசினார்கள் என்பது சர்ஜன்களுக்குத் தெரியாது. பேச்சுக் கேட்டவர்களுக்கு மார்ஃபின் வகை மருந்து ஏறத்தாழ பாதிதான் தேவைப்பட்டது, சராசரியாக 2.7 நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். அந்தக் காலத்தில் மருத்துவமனையில் வைத்திருந்ததே ரொம்ப நாள், அதனால் இன்றைக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் கவனியுங்கள், அவர் வலிக்காது என்று சொல்லவில்லை, வலிக்கும் என்றுதான் சொன்னார்.

நம்மைக் கலங்கடிப்பது பெரும்பாலும் எதிர்பாராத இடத்தில் வரும் வலி. வயிற்றில் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முடிந்ததும் பலருக்குத் தோள்பட்டை வலிக்கும். வயிற்றை உப்ப வைக்க ஏற்றிய வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது, ஓரிரு நாளில் போய்விடும். தெரியாதவருக்கு அதுவே மாரடைப்பாகத் தோன்றும். மூச்சுக்குழாய் போட்டதால் தொண்டை கரகரக்கும். முதுகில் ஊசி போட்டிருந்தால் சில மணி நேரம் கால் நம்முடையதாகவே இருக்காது. கையையோ காலையோ மட்டும் மரத்துப்போக வைக்கும் நரம்பு ஊசி போட்டிருந்தால் முதல் நாள் ராஜா மாதிரி இருப்போம், அது விடும்போது, பல சமயம் நடுராத்திரியில், வலி மொத்தமாக வந்து நிற்கும். அது எத்தனை மணிக்கு விடும், அதற்கு எவ்வளவு முன்னால் மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளாதவர்கள்தான் அந்த ராத்திரியை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

டாக்டர் முன்னால் போனதும் பாதிக் கேள்வி மறந்துவிடும், ஆகவே இந்த ஐந்தை மட்டுமாவது செல்போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்:

- வெட்டுப்பட்ட இடம் தவிர வேறு எங்கெல்லாம் வலிக்கலாம்?
- வலி எந்த நாள் உச்சத்தில் இருக்கும், எப்போது இறங்க ஆரம்பிக்கும்?
- மருந்து நேரத்துக்கு வருமா, நான் கேட்டால்தான் வருமா?
- எந்த அசைவு கூடாது?
- எந்த அறிகுறி வந்தால் நேரத்தைப் பார்க்காமல் கூப்பிட வேண்டும்?

மூன்றாவது கேள்வியைச் சின்னதாக நினைக்காதீர்கள். மருந்து கேட்டால்தான் வரும் என்பது தெரியாமல் 'கொடுக்கும்போது கொடுக்கட்டும்' என்று விடிய விடிய காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒத்திகை

வலி இல்லாத உடம்பில் கற்றுக்கொள்வது சுலபம். வலி வந்த பிறகு யாரோ வந்து 'இப்படித் திரும்புங்க' என்றால் மண்டையில் ஏறாது. ஆகவே வீட்டிலேயே பழகுங்கள்.

படுக்கையிலிருந்து எழுவது: நேராக வயிற்றை மடக்கி எழாமல், முட்டியை மடக்கி, தோளும் இடுப்பும் சேர்ந்து உருளுகிற மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டபடி கையை ஊன்றி எழுவது. பத்துத் தடவை செய்தால் உடம்புக்குப் பிடிபட்டுவிடும். முதுகிலோ இடுப்பு மூட்டிலோ ஆபரேஷன் என்றால் திரும்புவதற்குத் தனி விதிகள் இருக்கும், பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிட்டுப் பழகுங்கள்.

இருமுவது: வயிற்றிலோ மார்பிலோ ஆபரேஷன் என்றால், தையல் வரப்போகும் இடத்தில் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமிப் பாருங்கள். முதல் தடவை நான் அடக்கிக்கொண்டு கிடந்த அந்த இருமலுக்குத் தீர்வு ஒரு தலையணை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மூச்சு: உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். தினமும் இரண்டு வேளை, ஐந்து நிமிஷம். தலை சுற்றினால் இயல்பான மூச்சுக்குத் திரும்பிவிடுங்கள். அப்புறம் தசை தளர்த்துவது, தோளை இறுக்கி ஐந்து எண்ணிவிட்டுப் பொத்தென்று விடுவது, இப்படியே கை, தாடை, வயிறு, தொடை. ஆபரேஷன் அன்று திடீரென்று ஆரம்பித்தால் இது எதுவும் வேலை செய்யாது, பழகியிருந்தால்தான் கை கொடுக்கும்.

எதிர்காலத்தையும் கொஞ்சம் ஒத்திகை பார்க்கலாம். இதய பைபாஸ் செய்துகொள்ளப்போன 124 பேரை வைத்து வின்ஃப்ரீட் ரீஃப் குழுவினர் செய்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. சிலரிடம் மட்டும், குணமான பிறகு என்ன செய்யப்போகிறீர்கள், எந்த வாரத்தில் எதை ஆரம்பிப்பீர்கள் என்று எதிர்பார்ப்புகளைப் பேசித் திட்டமாக்கினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அவர்களுக்கு அன்றாட வேலைகளில் முடியாமை குறைவாக இருந்தது. 'சீக்கிரம் குணமாகணும்' என்று எழுதாதீர்கள். 'மூன்றாவது வாரம் தெருமுனை வரை' என்று எழுதுங்கள், டாக்டர் சொல்லும் வேகத்துக்கு ஏற்ப.

சுற்றியிருப்பவர்களின் வாய்

ஆபரேஷன் என்று சொன்னதும் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும், பெரும்பாலும் கெட்ட கதை. நல்லபடியாக முடிந்து நான்காவது நாள் வேலையைப் பார்க்கப் போனவரைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை, அதில் சுவாரசியம் இல்லை.

வார்த்தை சும்மா போகாது. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரசவத்துக்காக முதுகில் ஊசி போட வேண்டியிருந்த 140 பெண்களில் ஒரு பாதியினரிடம், முதலில் போடும் மரத்துப்போகும் ஊசி பெரிய தேனீ கொட்டின மாதிரி இருக்கும், இதுதான் இதிலேயே மோசமான பகுதி என்று சொன்னார்கள். மறு பாதியினரிடம், அந்த இடத்தை மரத்துப்போக வைக்கப்போகிறோம், அப்புறம் வசதியாக இருக்கும் என்றார்கள். ஊசி ஒன்றுதான். தேனீயைக் கேட்டவர்களுக்கு அதிகம் வலித்தது.

அதனால் கதை சொல்ல வருபவரை நிறுத்துங்கள். 'முடிஞ்சதும் கேட்டுக்கிறேன், இப்ப வேணாம்' என்று சொல்லலாம், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். கூட இருந்து பார்த்துக்கொள்ளப்போகிறவரிடம் உங்கள் தாளைக் காட்டிவிடுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை 'வலிக்குதா, வலிக்குதா' என்று கேட்பது அன்புதான், ஆனால் கேட்கும் ஒவ்வொரு முறையும் கவனம் அங்கேயே போய் உட்காரும். 'ஏதாவது வேணுமா?' என்று கேட்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் பயம் இருக்கும், உங்களிடம் காட்ட முடியாமல் சுற்றிக்கொண்டிருப்பார்கள், ஆகவே கையில் ஒரு வேலை கொடுங்கள்: மருந்து நேரத்தைக் குறித்து வைப்பது, நடக்கும்போது கூட வருவது.

இது எவ்வளவுதான் உதவும்?

அளவோடு சொல்கிறேன். ஆபரேஷனுக்கு முன் மனதைத் தயார் செய்யும் முறைகளைப் பற்றி நடந்த 105 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு ஒரு மதிப்பீடு வெளியிட்டது. வலி, மனக்கலக்கம், மருத்துவமனையில் தங்கும் நாள் இவை கொஞ்சம் குறையலாம், தங்கும் காலம் சராசரியாக அரை நாள் அளவுக்கு என்றார்கள், ஆனால் ஆய்வுகளின் தரம் உயர்வாக இல்லை என்றும் சேர்த்தே சொன்னார்கள். 2019-ல் வேறோர் ஆய்வு வந்தது. முழங்கால் மாற்று ஆபரேஷனுக்குப் போகும், வலியைப் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கமுள்ள 402 பேரில் சிலருக்கு வலியைச் சமாளிக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெறாதவர்களைவிட அவர்கள் எந்த விதத்திலும் மேலாக வரவில்லை. ஆபரேஷன் முடிந்த பிறகு இரு தரப்பினருக்குமே மூட்டு வலியோடு பயமும் இறங்கியிருந்தது.

எனக்கு இது ஒரு விதத்தில் நல்ல செய்தியாகத்தான் படுகிறது. இன்றைக்கு உங்கள் பயம் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், அது உங்கள் தலையெழுத்து இல்லை. தாள் எழுதவில்லை, மூச்சுப் பயிற்சி செய்யவில்லை, அதனால் என் குணமடைதல் கெட்டுவிடும் என்று அதையும் ஒரு புதுப் பயமாக்கிக்கொள்ளாதீர்கள், இரண்டாவது ரகக்காரர்கள் முக்கியமாக. தூக்கமே போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை, ஆபரேஷனையே தள்ளிப்போடலாமா என்று தோன்றுகிறது என்றால் அது தாளில் தீரும் விஷயம் இல்லை. சர்ஜனிடம் சொல்லி மனநல நிபுணரைப் பார்க்கக் கேளுங்கள்.

முடிந்த பிறகு

'0 முதல் 10 வரை எவ்வளவு வலிக்கிறது?' என்று கேட்பார்கள். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கக் குறைத்துச் சொல்லாதீர்கள், கவனிக்கமாட்டார்களோ என்று கூட்டியும் சொல்லாதீர்கள். எண்ணோடு ஒரு செயலைச் சேர்த்துச் சொன்னால் அவர்களுக்கும் உதவும்: 'படுத்திருந்தால் 3, இருமினால் 7, அதனால் இருமப் பயமாக இருக்கிறது.' சுழியத்தைக் கேட்காதீர்கள், அது கிடைக்காது. மூச்சை முழுசாக இழுக்கவும், இருமவும், நடக்கவும் முடிகிற அளவுக்கு வலி இறங்கினால் போதும். மருந்தை வலி உச்சிக்குப் போன பிறகு கேட்பதைவிட ஏறும்போதே கேட்பது நல்லது. நடப்பதற்கோ பிசியோதெரபிக்கோ அரை மணி நேரம் முன்னால் மாத்திரை வருகிற மாதிரி நேரத்தை அமைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள்.

வலி நேர்கோட்டில் குறையாது. நான்காம் நாள் நன்றாக இருந்து ஐந்தாம் நாள் மோசமாக இருக்கும், பெரும்பாலும் நான்காம் நாள் நன்றாக இருக்கிறதே என்று கூடுதலாக ஓடியாடியதால். அன்றைக்குப் பழைய மனது வந்து 'பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா' என்று உட்காரும். ஒரு சின்ன நோட்டில் தினமும் ஒரு வரி எழுதி வைத்திருந்தால், ஒரு வாரத்துக்கு முன்னால் கழிவறைக்குப் போகவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது என்பதைத் திருப்பிப் படித்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த முழுப் பேச்சையும் தூக்கி ஓரமாக வைக்க வேண்டிய சமயங்கள் உண்டு. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், காய்ச்சல், தையலில் சீழ் அல்லது பரவும் சிவப்பு, மருந்துக்கு மசியாமல் மணிக்கு மணி ஏறும் வலி, புதிதாக மரத்துப்போவது. இவை வந்தால் 'நான்தான் பெரிதாக்குகிறேனோ' என்று யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே கூப்பிடுங்கள். பயந்த சுபாவம் உள்ளவருக்கும் ரத்தம் உறையும்.

மூன்று மாதம் தாண்டியும் வலி அப்படியே இருந்தால், அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயர் உண்டு, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே, ஆபரேஷனுக்குப் பிந்தைய நீடித்த வலி என்று ஏறியிருக்கிறது. நரம்பு சம்பந்தப்பட்ட வலியாக இருந்தால் மாத்திரையே வேறு. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு திரும்பப் போங்கள். 'எல்லாம் மனசுலதான் இருக்கு' என்று அங்கே யாராவது சொன்னால், வலி சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.